பதிப்புரிமை முடிந்த அறிவியல் புனைகதைகளில் படிக்கத் தக்கவற்றைக் கண்டெடுப்பது எப்படி

ஆங்கிலத்தில் வெளிவந்த பழைய அறிவியல் புனைகதைகளில் பல ஆயிரம் இன்று இணையத்தில் இலவசமாகவும் சட்டபூர்வமாகவும் கிடைக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி, மாதம் தவறாமல் பக்கங்களை நிரப்ப வேண்டிய கட்டாயத்தில் இருந்த மலிவு இதழ்களுக்காகச் சொல்லுக்கு இவ்வளவு சென்ட் என்ற கணக்கில் அவசரமாக எழுதப்பட்டவை. மறக்கப்பட்டதில் எந்த அநியாயமும் இல்லாத கதைகள். ஆனால் அதே குவியலில், நல்ல புத்தகக் கடையில் காசு கொடுத்து வாங்கும் தொகுப்புகளுக்குச் சற்றும் குறையாத கதைகளும் கிடக்கின்றன. புதிதாக வரும் வாசகர் பெரும்பாலும் தரவிறக்க எண்ணிக்கையில் முதலிடத்தில் இருக்கும் நாவலை எடுத்து, ஐம்பது பக்கம் தள்ளி, பழைய எழுத்து இப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடுகிறார். இந்த வழிகாட்டி அவருக்காக எழுதப்பட்டது.

முதலிலேயே என் பரிந்துரையைச் சொல்லிவிடுகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவல்களில் தொடங்காதீர்கள். 1950 முதல் 1963 வரை அமெரிக்க இதழ்களில் வந்த சிறுகதைகளில் தொடங்குங்கள். அவை அரை மணி நேரத்தில் படித்து முடிக்கக் கூடியவை, நடை இன்றைய ஆங்கிலத்துக்கு நெருக்கமானது, விளம்பரம், கண்காணிப்பு, தானியங்கி ஆயுதம் என்று நம் காலத்துக் கவலைகளையே பேசுபவை. இவ்வளவு அண்மைக் காலத்துக் கதைகள் எப்படி இலவசமாயின என்ற கேள்வி எழும். அதற்கான விடையைத் தெரிந்துகொண்டால் தேடுவதும் எளிதாகிவிடும்.

எது, எந்த நாட்டில் இலவசம்

அமெரிக்காவில் பழைய படைப்புகளுக்கான உரிமை, வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டுகள் நீடிக்கிறது. அதனால் 1930இல் வெளியானவை 2026 ஜனவரி 1 அன்று பொதுவுரிமைக்கு, அதாவது யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்ற நிலைக்கு, வந்தன. ஒவ்வொரு புத்தாண்டு நாளிலும் இன்னோர் ஆண்டுக்குரியவை வந்து சேர்கின்றன. ஆனால் நமக்குப் பயன்படுவது அதைவிடச் சுவையான இன்னொரு விதி. அந்நாட்டின் பழைய சட்டப்படி உரிமை முதலில் 28 ஆண்டுகளுக்குத்தான் வழங்கப்பட்டது. இருபத்தெட்டாம் ஆண்டில் விண்ணப்பம் கொடுத்துப் புதுப்பித்தால் மட்டுமே அது நீளும். இல்லையேல் அத்துடன் முடிந்துவிடும். 1964 முதல் வெளியானவற்றுக்குப் புதுப்பித்தல் தானாகவே நடக்கும் என்று 1992இல் சட்டம் திருத்தப்பட்டது. ஆகவே 1963 வரையான இதழ்களே இந்த வலையில் சிக்கின. இதழ் நிறுத்தப்பட்டிருக்கும், பதிப்பகம் கைமாறியிருக்கும், எழுத்தாளர் இறந்திருப்பார் அல்லது 28 ஆண்டுகளுக்கு முன் எழுதிய ஒரு சிறுகதையை மறந்திருப்பார். விண்ணப்பம் போகவில்லை, கதை பொதுவுக்கு வந்துவிட்டது. இதனால்தான் ஒரே எழுத்தாளரின் ஒரு கதை இலவசமாகவும் அடுத்த மாதம் வந்த இன்னொன்று உரிமைக்குட்பட்டும் இருக்கின்றன. ஐசக் அசிமோவின் ‘யூத்’ என்ற 1952ஆம் ஆண்டுக் கதையை யாரும் எடுத்துக்கொள்ளலாம். அவருடைய ‘ஃபவுண்டேஷன்’ நாவல்களை அப்படி எடுக்க முடியாது.

உரிமை முடிந்த நூல்களை இலவசமாகத் தரும் குட்டன்பர்க் திட்டத்தின் தளத்தில் இந்தக் காலத்துக் கதை எதையாவது திறந்தால், தொடக்கத்தில் தட்டச்சு செய்தவரின் குறிப்பு ஒன்று இருக்கும். எந்த இதழின் எந்த மாதத்திலிருந்து கதை எடுக்கப்பட்டது என்பதையும், விரிவாகத் தேடியும் இந்த வெளியீட்டின் அமெரிக்க உரிமை புதுப்பிக்கப்பட்டதற்கான சான்று கிடைக்கவில்லை என்பதையும் அது தெரிவிக்கும். அந்த இரண்டு வரிகளைப் படிக்காமல் தாண்டாதீர்கள். இதழின் பெயரும் மாதமும் பின்னால் கதையின் தரத்தை எடைபோடவும் உதவும்.

இந்தியாவில் கணக்கு வேறு. இங்கே எழுத்தாளர் இறந்த ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். இறந்த ஆண்டோடு 61ஐக் கூட்டினால் வரும் ஆண்டின் ஜனவரி 1ஆம் நாள் படைப்பு நம்முடையது. ஆல்டஸ் ஹக்ஸ்லி 1963 நவம்பரில் இறந்தார். அவருடைய ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’ 2024 முதல் இந்தியாவில் இலவசம், அமெரிக்காவிலோ 2028 வரை காத்திருக்க வேண்டும். ஜார்ஜ் ஆர்வெல் 1950இல் இறந்ததால் ‘1984’ இங்கே 2011இலேயே விடுபட்டுவிட்டது; அமெரிக்காவில் அது 2044 முடியும்வரை பூட்டப்பட்டிருக்கும். ஓலாஃப் ஸ்டேப்பிள்டனும் 1950இல் இறந்தவர்தான். அண்டத்தின் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே நூலில் சொல்ல முயன்ற அவருடைய ‘ஸ்டார் மேக்கர்’ அமெரிக்கத் தளங்களில் இல்லாமற்போனதற்கு இந்தக் கணக்கே காரணம்.

எதிர்த்திசையிலும் இது வேலை செய்யும். இ.எம்.ஃபார்ஸ்டர் 1909இல் எழுதிய ‘தி மெஷின் ஸ்டாப்ஸ்’ அமெரிக்காவில் உரிமை முடிந்த கதை. ஆனால் அவர் 1970 வரை வாழ்ந்ததால் இந்தியாவில் 2030 முடியும்வரை அதற்கு உரிமை உண்டு. நூறாண்டு கடந்த கதை இலவசமாகத்தான் இருக்கும் என்று ஊகிப்பது எங்கே இடறும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. அமெரிக்க இதழ்க் கதைகளைப் பொறுத்தவரை இந்திய வாசகருக்கு ஒரு சலுகை இருக்கிறது. வெளிநாட்டுப் படைப்புக்குத் தாய்நாட்டில் உள்ளதைவிட நீண்ட உரிமைக் காலம் இங்கே கிடையாது என்று 1999ஆம் ஆண்டின் சர்வதேசப் பதிப்புரிமை ஆணை சொல்வதால், அங்கே புதுப்பிக்கப்படாமல் விடுபட்டது இங்கேயும் விடுபட்டதாகும். இலங்கையிலும் சிங்கப்பூரிலும் 60க்குப் பதில் 70 ஆண்டுகள், மலேசியாவில் 50 ஆண்டுகள் என்பதை அங்கிருந்து படிப்பவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

எங்கே தேடுவது

குட்டன்பர்க் திட்டம் 1971இல் மைக்கேல் ஹார்ட் என்பவர் இல்லினாய் பல்கலைக்கழகக் கணினியில் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தைத் தட்டச்சு செய்து வைத்ததில் தொடங்கியது. இன்று 70,000க்கும் மேற்பட்ட நூல்களைக் கொண்டுள்ளது. அறிவியல் புனைகதைக்கென்று தனி அடுக்கு உண்டு. அதற்குள் அகரவரிசையில் மேய்வது நேரத்தை வீணாக்கும் வழி. எழுத்தாளர் பெயரையோ கதைப் பெயரையோ கையில் வைத்துக்கொண்டு போனால்தான் பயன். பெரும்பாலான பிரதிகளைத் தன்னார்வலர்கள் பக்கம் பக்கமாக மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தியிருப்பதால் எழுத்துப் பிழைகள் மிகக் குறைவு.

ஸ்டாண்டர்டு ஈபுக்ஸ் என்ற தளம் பெரும்பாலும் அந்தப் பிரதிகளையே எடுத்து, மறுபடியும் மெய்ப்புப் பார்த்து, நல்ல அச்சு நூலுக்குரிய வடிவமைப்புடன் தருகிறது. அங்கே நூல்களின் எண்ணிக்கை மிகக் குறைவு. அதுவே அதன் பலம். ஒருவர் பல வாரம் உட்கார்ந்து உழைத்துத்தான் ஒரு நூலைச் சேர்க்க முடியும் என்பதால் யாரும் குப்பைக்காக அந்தப் பாடு படுவதில்லை. பிலிப் கே.டிக், எச்.பீம் பைப்பர் போன்றோரின் இதழ்க் கதைகள் அங்கே ஒரே தொகுப்பாகத் திரட்டப்பட்டிருப்பது பெரிய வசதி. ஒரு தளம் மட்டும் போதும் என்பவருக்கு நான் இதையே சொல்வேன்.

ஹக்ஸ்லி, ஆர்வெல், ஸ்டேப்பிள்டன் போல அமெரிக்காவுக்கு வெளியே மட்டும் விடுபட்டவர்களுக்குக் கனடாவின் ஃபேடட் பேஜ் தளத்தையும் ஆஸ்திரேலிய குட்டன்பர்க் தளத்தையும் பார்க்கவும். அந்நாடுகளின் சட்டப்படி வைக்கப்பட்டவை அவை. எழுத்தாளர் இறந்த ஆண்டைக் கொண்டு இந்தியக் கணக்கை நீங்களே ஒரு முறை போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் பழைய இதழ்கள் முழுமையாக, அட்டைப்படமும் விளம்பரங்களும் வாசகர் கடிதங்களும் உட்பட, படமாகக் கிடைக்கின்றன. ஒரு கதையை அது பிறந்த இடத்தில் வைத்துப் பார்க்கும் இன்பத்துக்கு அங்கே போகலாம். இரண்டு எச்சரிக்கைகள் தேவை. ஓர் இதழ் அங்கே இருப்பதே அதன் உரிமை முடிந்ததற்குச் சான்றாகாது. யார் வேண்டுமானாலும் ஏற்றலாம். நூலுக்குப் பக்கத்தில் கடன் பெறுவதற்கான பொத்தான் தெரிந்தால், அது பெரும்பாலும் இன்னும் உரிமைக்குட்பட்ட நூல் என்று பொருள். மேலும், அங்கே தானாக உருவாக்கப்படும் மின்னூல் கோப்புகள் கணினி படித்த பிழைகளால் நிரம்பியிருக்கும் என்பதால் படக் கோப்பையே இறக்கிக்கொள்வது நல்லது. செவிவழிப் படிப்பவர்களுக்கு, 2005 முதல் இயங்கிவரும் லிப்ரிவாக்ஸ் இருக்கிறது. குறுகிய அறிவியல் கதைகளின் தொகுப்பு என்ற வரிசையில் பல தொகுதிகள் உள்ளன. வாசிப்போர் தன்னார்வலர்கள் என்பதால் தரம் ஆளுக்கு ஆள் மாறும்.

தேறியவற்றை மட்டும் எடுப்பது

நெல்லையும் பதரையும் நீங்களே உட்கார்ந்து புடைக்க வேண்டியதில்லை. எழுபது ஆண்டுகளாகத் தொகுப்பாசிரியர்களும் வானொலித் தயாரிப்பாளர்களும் அந்த வேலையைச் செய்திருக்கிறார்கள். அவர்கள் விட்டுச் சென்ற தடயங்களைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

அதற்கான சிறந்த கருவி ஐ.எஸ்.எஃப்.டி.பி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் புனைகதைத் தரவுத்தளம். அங்கே கதை எதுவும் கிடைக்காது. எந்தக் கதை எந்த இதழில் முதலில் வந்தது, பின் எந்தெந்தத் தொகுப்புகளில் மறுபதிப்பானது, எந்த மொழிகளுக்குப் போனது என்ற விவரம் மட்டும் இருக்கும். குட்டன்பர்க்கில் ஒரு கதையைக் கண்டால் அதன் பெயரை இங்கே தட்டிப் பாருங்கள். ஃபிரெடெரிக் போலின் ‘தி டன்னல் அண்டர் தி வேர்ல்ட்’ கதையை எடுத்துக்கொள்வோம். முதல் வரியில் கேலக்ஸி இதழ், 1955 ஜனவரி என்று இருக்கும். அதற்குக் கீழே, பத்தாண்டுகள் பலவற்றைக் கடந்து, வெவ்வேறு தொகுப்பாசிரியர்கள் தொகுத்த நூல்களின் பட்டியல் நீண்டுகொண்டே போகும்; பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியப் பதிப்புகளும் தென்படும். இப்படிப்பட்ட கதையைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். மாறாக, முதல் வெளியீட்டு இதழ், அதன்பின் குட்டன்பர்க் பிரதி, இடையில் எதுவுமே இல்லை என்றால், எழுபது ஆண்டுகளில் ஒரு தொகுப்பாசிரியருக்குக்கூட அது பொருட்டாகத் தெரியவில்லை என்று பொருள். அரிதாக அவர்கள் தவறவிட்டதும் உண்டுதான்; ஆனால் தொடக்கத்திலேயே அந்த வேட்டைக்குப் போக வேண்டாம்.

இரண்டாவது தடயம் வானொலி. என்.பி.சி. நிறுவனம் 1955 முதல் 1958 வரை ஒலிபரப்பிய ‘எக்ஸ் மைனஸ் ஒன்’ தொடர், கேலக்ஸி இதழோடு கைகோத்து, அதில் வந்த கதைகளை நாடகமாக்கியது. அரை மணி நேரத்தில் கேட்பவரைக் கட்டிப்போடக் கூடிய கதைகளையே தயாரிப்பாளர்கள் தேர்ந்தெடுத்திருப்பார்கள் அல்லவா? அந்தத் தொடரின் நிகழ்ச்சிப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயரையும் குட்டன்பர்க்கில் தேடுங்கள். எல்லாமே கிடைக்காது, கிடைப்பவை பெரும்பாலும் ஏமாற்றாது.

மூன்றாவது, இதழின் பெயர். 1950இல் எச்.எல்.கோல்டு தொடங்கிய கேலக்ஸி, விண்கலச் சண்டைகளை ஒதுக்கிச் சமூக அங்கதத்துக்கு இடம் கொடுத்த இதழ். அஸ்டவுண்டிங், பொறியியல் தர்க்கம் பிசகாத கதைகளை விரும்பியது. 1939 முதல் 1955 வரை வந்த பிளானட் ஸ்டோரீஸ், வாள் ஏந்திய வீரர்களும் வேற்றுக்கோள் அழகிகளும் நிறைந்த சாகச இதழ், பிலிப் கே.டிக்கின் முதல் கதை அச்சானதும் 1952இல் அங்கேதான் என்பதால் அதையும் முற்றாக ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அறிமுகமற்ற எழுத்தாளர் ஒருவரின் பெயரை கேலக்ஸியில் பார்க்கும்போது எனக்கு எழும் நம்பிக்கை பிளானட் ஸ்டோரீஸில் எழுவதில்லை.

தரவிறக்க எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள். பள்ளிப் பாடத்தில் இருப்பதாலும் திரைப்படமானதாலும் மேலே நிற்கும் நூல்களையே அது காட்டும். இணையக் கடைகளில் ஐம்பது நாவல்கள், நூறு கதைகள் என்று பத்து இருபது ரூபாய்க்கு விற்கப்படும் மூட்டைகளும் வேண்டாம். குட்டன்பர்க் கோப்புகளையே பொருளடக்கம்கூட ஒழுங்கில்லாமல் அடுக்கியவை அவற்றில் பல.

தொடங்குவதற்குச் சில

முன்சொன்ன போலின் கதையில், கை பர்க்ஹார்ட் என்ற சாதாரண அலுவலர் ஜூன் 15ஆம் நாள் காலையில் அலறிக்கொண்டு கண்விழிக்கிறார். ஊர் வழக்கம்போல் இருக்கிறது. ஆனால் தெருவில் கேட்காத பெயருள்ள சிகரெட்டுகளும் குளிர்பதனப் பெட்டிகளும் காதைப் பிளக்கும் ஒலிபெருக்கியில் விளம்பரமாகின்றன. மறுநாள் காலையும் ஜூன் 15 ஆகவே இருக்கிறது. இதற்குமேல் சொன்னால் கதையைக் கெடுத்தவனாவேன். நம் கைப்பேசியில் எந்த விளம்பரம் எடுபடுகிறது என்று நொடிக்கு நொடி சோதித்துக்கொண்டிருப்பவர்களைப் பற்றி, 1955இல் ஒருவர் இவ்வளவு துல்லியமாக எழுதியிருக்கிறார் என்பது மட்டும் போதும்.

ராபர்ட் ஷெக்லியின் ‘வாட்ச்பேர்டு’ 1953இல் வந்தது. கொலையைத் தடுக்க இயந்திரப் பறவைகள் பறக்கவிடப்படுகின்றன. அவை தாமாகக் கற்றுக்கொள்ளும் திறன் கொண்டவை. கற்கக் கற்க, கொலை என்பதன் எல்லையை அவையே விரித்துக்கொண்டு போகின்றன. இறைச்சிக் கூடத்துத் தொழிலாளி, அறுவை மருத்துவர் என்று ஒவ்வொருவராகத் தடுக்கப்படும்போது சிரிப்பும் கிலியும் ஒருசேர வரும். கேத்தரின் மக்லீனின் ‘தி ஸ்னோபால் எஃபெக்ட்’ இன்னும் வேடிக்கையானது. சமூகவியல் துறையால் பல்கலைக்கழகத்துக்கு என்ன வருமானம் என்று கேட்கும் தலைவருக்குப் பதில் சொல்ல, ஒரு பேராசிரியர் சிற்றூர்த் தையல் சங்கம் ஒன்றுக்கு வளர்ச்சிச் சூத்திரப்படி விதிமுறை எழுதிக் கொடுக்கிறார். சங்கம் வளர்கிறது, நிற்காமல் வளர்கிறது. ஏலச்சீட்டுக் குழுவிலோ குடியிருப்போர் சங்கத்திலோ காலம் தள்ளியவர்களுக்கு இந்தக் கதை இரட்டிப்பாகச் சுவைக்கும்.

என்னிடம் ஒரே ஒரு கதையைச் சொல்லச் சொன்னால் பைப்பரின் ‘ஓம்னிலிங்குவல்’ என்பேன். 1957 பிப்ரவரி அஸ்டவுண்டிங் இதழில் வந்த குறுநாவல் அது. செவ்வாயில் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் அழிந்துபோன நகரமொன்றைத் தோண்டும் குழுவில் மார்த்தா டேன் என்ற தொல்லியலாளர், அம்மக்களின் எழுத்தைப் படித்தே தீருவது என்று உட்கார்ந்திருக்கிறார். இருமொழிக் கல்வெட்டு ஏதுமின்றி எந்தப் பழைய எழுத்தும் படிக்கப்பட்டதில்லை, பூமியோடு தொடர்பே இல்லாத மக்களுக்கு அது கிடைக்கவும் போவதில்லை என்று சக ஆய்வாளர்கள் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. சிந்துவெளி எழுத்தைப் பற்றி ஓரளவேனும் படித்திருக்கும் தமிழ் வாசகர்களுக்கு இந்த இடத்தின் கனம் விளக்காமலே புரியும். விடை எந்தச் சுவரில் இருக்கிறது என்பதை நீங்களே கண்டுகொள்ளுங்கள். செவ்வாய்க்குப் போயும் எல்லோரும் சிகரெட் பற்றவைத்துக்கொண்டேயிருப்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அறிவியல் மட்டுமே உந்தும் கதையில் ஒரு பெண் ஆய்வாளரை மையமாக வைத்து அக்காலத்தில் எழுதியவர்கள் மிகச் சிலர்.

இதே வரிசையில் பிலிப் கே.டிக்கின் ‘செகண்ட் வெரைட்டி’, கர்ட் வானகட்டின் ‘2பிஆர்02பி’ ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். இதழ் உலகத்துக்கு வெளியே, யெவ்கெனி ஜமியாடினின் ‘நாம்’ நாவல் ரஷ்யாவில் அச்சாக முடியாமல் 1924இல் நியூயார்க்கில் ஆங்கிலத்தில் முதலில் வெளிவந்தது. அந்த மொழிபெயர்ப்பு இன்று இலவசம்.

இவற்றைப் படித்துச் சுவை கண்டபின் எச்.ஜி.வெல்ஸிடம் போகலாம். அவரிலும் சிறுகதைகளே முதலில்: ‘தி ஸ்டார்’, ‘தி கன்ட்ரி ஆஃப் தி பிளைண்டு’. பிறகு 1898இல் வந்த ‘தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்’. விண்ணிலிருந்து விழுந்த உருளையின் மூடி உள்ளிருந்து மெல்ல மெல்லத் திருகப்படுவதை ஊர்க்காரர்கள் வேடிக்கை பார்க்கும் பகுதியை நூற்று இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் யாரும் விஞ்சவில்லை என்பது என் எண்ணம்.

வெர்னைப் படிக்கும்போது கவனிக்க வேண்டியது

ஜூல்ஸ் வெர்னைப் படித்து ஏமாந்தவர்கள் பலர் படித்தது வெர்னையே அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில மொழிபெயர்ப்புகள் பல, அவரைச் சிறுவர் எழுத்தாளராகக் கருதி அறிவியல் பகுதிகளை வெட்டித் தள்ளியவை. ‘கடலடியில் இருபதாயிரம் லீக்’ நாவலுக்கு 1870களில் லூயிஸ் மெர்சியர் செய்த மொழிபெயர்ப்பில் மூலத்தின் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் காணாமற்போயிருக்கிறது. இலவசப் பிரதிகளில் அதிகம் சுற்றுவதும் அதுவே. குட்டன்பர்க்கிலேயே எஃப்.பி.வால்டர் செய்த முழுமையான புதிய மொழிபெயர்ப்பும் இருக்கிறது, அதை எடுங்கள். பூமியின் மையத்துக்குப் பயணம் போகும் நாவலில் சோதனை இன்னும் எளிது. முதல் பக்கத்தில் பேராசிரியரின் பெயர் ஹார்ட்விக் என்றிருந்தால் கோப்பை மூடிவிடலாம். அது 1871ஆம் ஆண்டின் கைபோன போக்கிலான பதிப்பு. லிடன்பிராக் என்றிருந்தால் தொடரலாம். மல்லெசன் 1877இல் செய்த மொழிபெயர்ப்பு அப்படிப்பட்டது.

மொழிபெயர்ப்பாளருக்கும் தனி உரிமை உண்டு என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஜகதீஷ் சந்திர போஸ் 1896இல் வங்காளத்தில் எழுதிய, ஒரு குப்பித் தலைமுடித் தைலம் புயலை அடக்கும் கதையின் மூலம் எப்போதோ பொதுவாகிவிட்டது; ஆனால் அண்மையில் அதை ஆங்கிலத்தில் தந்தவரின் உழைப்பு அவருக்குரியது.

இந்தியாவிலிருந்தும் தமிழிலும்

இந்தியர் ஆங்கிலத்தில் எழுதியவற்றில் தவறவிடக் கூடாதது ரொக்கேயா சகாவத் உசேனின் ‘சுல்தானாவின் கனவு’. கமலா சத்தியநாதன் சென்னையிலிருந்து நடத்திய இந்தியன் லேடீஸ் மேகஸின் இதழில் 1905இல் வெளிவந்தது. ஆண்கள் வீட்டுக்குள் அடைந்திருக்க, பெண்களின் இரண்டு பல்கலைக்கழகங்கள் போட்டி போட்டுக்கொண்டு, ஒன்று மேகத்திலிருந்து நீரை இழுக்கும் பலூனையும் மற்றது வெயிலைச் சேமிக்கும் கருவியையும் கண்டுபிடிக்கின்றன. படையெடுத்து வந்த பகைவர்கள் அந்த வெயிலாலேயே விரட்டப்படுகிறார்கள். ரொக்கேயா 1932இல் இறந்ததால் எந்தக் கணக்கிலும் இது இலவசம். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் பெண் எழுத்தாளர்களுக்கான மின்னூலகத்தில் முழு வடிவம் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு பக்கம்தான்.

தமிழில் நிலைமை அவ்வளவு செழிப்பாக இல்லை. சுஜாதா 2008இல் மறைந்தவர். அவருடைய எழுத்துக்கு 2068 முடியும்வரை உரிமை உண்டு. டெலிகிராம் குழுக்களில் சுற்றும் அவருடைய ஸ்கேன் கோப்புகள் இலவசம் அல்ல, திருட்டு. அதே ஆண்டில் கொழும்பில் மறைந்த ஆர்தர் சி.கிளார்க்குக்கும் இதே நிலைதான். ஆயினும் தேடினால் வியப்பூட்டும் ஒன்று கிடைக்கும். மேரி ஷெல்லியின் ‘பிராங்கன்ஸ்டைன்’ நாவலைப் புதுமைப்பித்தன் ‘பிரேத மனிதன்’ என்ற பெயரில் தமிழாக்கியிருக்கிறார். அவர் 1948இல் இறந்தார். ஆகவே 2009 முதல் அதில் யாருக்கும் தனி உரிமை இல்லை. ஆங்கிலத்தில் அந்த நாவலைப் பாதியில் விட்டவர்கள் இதன் வழியாக உள்ளே போய்ப் பார்க்கலாம். 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டத்தையும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தையும் பொதுவாகப் பழைய உரைநடைக்குத் தேடலாம், அறிவியல் கதை என்று தனி அடுக்கை அங்கே எதிர்பார்க்க வேண்டாம். ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் இருப்பவை எழுத்தாளர்களே, சில நிபந்தனைகளோடு பகிர அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் பகிர்ந்தவை. பொதுவுரிமையும் அதுவும் ஒன்றல்ல என்பதால் ஒவ்வொரு நூலின் உரிமக் குறிப்பையும் படித்துப் பார்த்தே பிறருக்குப் பகிர வேண்டும்.

படிக்கும் முறை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஈபப் என்ற மின்னூல் கோப்பாக இறக்கி, ரீட்எரா போன்ற இலவசச் செயலியில் திறந்தால் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். கிண்டில் வைத்திருப்பவர்கள் அதே கோப்பைத் தம் கருவிக்கு அனுப்பிக்கொள்ளலாம். ஒரு கதை சில நூறு கிலோபைட்டுக்கு மேல் போகாது.

படித்ததைத் தமிழில் மொழிபெயர்க்கத் தோன்றினால் அதற்கும் தடையில்லை. இந்தியக் கணக்கில் உரிமை முடிந்த படைப்பை யாரிடமும் அனுமதி கேட்காமல் தமிழாக்கி வெளியிடலாம், விற்கவும் செய்யலாம். குட்டன்பர்க் பிரதியை மூலமாகக் கொண்டு அதையே விலைக்குக் கொடுப்பதாயின், அந்தப் பெயர் பதிவுபெற்ற வணிகக்குறி என்பதால், கோப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் உள்ள உரிமப் பகுதியோடு அதையும் நீக்கிவிட வேண்டும். மூலக் கதையின் பெயர், ஆசிரியர், முதலில் வெளியான இதழ், மாதம், ஆண்டு ஆகியவற்றை மட்டும் முதல் பக்கத்தில் கொடுங்கள்.